தட்டில் இரண்டு கண்கள்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் நுன்சியா வீங்கிய முழங்காலில் அப்போதுதான் வெந்நீர்த் துணியைச் சுற்றியிருந்தாள். காலை எட்டு மணி. வெளியே வேட்டுச் சத்தம். புனித ஆகத்தா திருநாள்... சிசிலியில் இன்று எவனும் வேலை செய்ய மாட்டான். போலீஸையும் கொலைகாரனையும் தவிர!

"சொல்லு, ரோஸாரியோ..."

"மேடம்! நம்ம கோவில்ல மணியடிக்கிற கோவில்பிள்ளை கலோஜெரோ... கோவில் பின்படியில செத்துக் கிடக்காரு! பின்மண்டையில அடி!"

கலோஜெரோ!

மலையோரத்துக் கோவில்களிலெல்லாம் ஏணி போட்டு ஏறி, பழைய ஓவியங்களைப் போட்டோ பிடித்து, தினமும் காலை ஆறு நாற்பதுக்கு இருநூறு பேருக்கு ஒரு படம் அனுப்புகிற மனிதர். கீழே இரண்டு வரி எழுதுவார். 'இந்த மாதாவின் இடது கையைப் பாருங்கள். பிள்ளையை இறுக்கிப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுக்கப் பழகுகிறாள்.'

முப்பது வருட சர்வீஸில் நுன்சியா தினமும் ஆசையாகப் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

ஈரத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு எழுந்தாள்.

*

கோவிலுக்குள் ஃபாதர் சவேரியோ பெஞ்சில் குனிந்து அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில், வெனிஸ் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓவியப் புரொபஸர் பிரந்தோலின். விலை உயர்ந்த ஓவர்கோட். கலையாத தலை.

ரோஸாரியோ கிசுகிசுத்தான்.

"மேடம், ஆறு நாப்பதுக்கு வழக்கம்போல படம் வந்துடுச்சு. அவரு அறையிலேயும் சட்டைப்பையிலேயும் தேடிட்டேன், அவரு போனைக் காணோம். அப்ப கொலை அதுக்கு அப்புறம்தான்!"

புரொபஸர் உடனே திரும்பினார்.

"நான் ஆறரையிலேர்ந்து எட்டு வரைக்கும் காபிக் கடையில இருந்தேன். இருபது பேர் பாத்தாங்க."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே, புரொபஸர்..."

அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"ஃபாதர், நீங்க?"

"தனியா ஜெபம் பண்ணிட்டிருந்தேன்மா. சாட்சி கடவுள்தான்."

"அவரைக் கூண்டுல ஏத்த முடியாது, ஃபாதர். நேத்து கலோஜெரோவோட சண்டையாமே?"

ஃபாதர் முகத்தைத் துடைத்தார்.

"ஆமா... பீடத்து மாதா படத்தைப் புரொபஸர் எடுத்துட்டுப் போய் சுத்தம் பண்ணி மாட்டினாரில்ல? அன்னையிலேர்ந்து கலோஜெரோ 'இது நம்ம படமில்ல'ன்னு ஒரே புலம்பல். பழைய போட்டோவைப் பெரிசு பண்ணிக் காட்டினான். மாதா கைமேல ஒரு ஈ வரைஞ்சிருந்துச்சாம்... இப்ப இல்லியாம். 'துடைக்கிறப்ப போயிருக்கும், போய்யா'ன்னு கத்திட்டேன். கடைசியா அவன்கிட்ட பேசினது அதுதான்!"

டாக்டர் கையுறையைக் கழற்றியபடி வந்தார்.

"நுன்சியா, உடம்பு நல்லா விறைச்சுப் போச்சு. நேத்து சாயங்காலமே ஆள் போயாச்சு."

ரோஸாரியோ திடுக்கிட்டான்.

"அப்ப காலையில படம் அனுப்பினது யாரு!?"

நுன்சியா தன் போனைத் திறந்தாள். அந்தப் படம் இருந்தது. 'இன்று புனித ஆகத்தா திருநாள். வாழ்த்துகள்.' அவ்வளவுதான். கீழே எண்பது பேர் திட்டியிருந்தார்கள்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். செத்துப்போனவனைத் திட்டுகிறார்கள்... பாவிகள், தெரியாமல்.

போனைப் புரொபஸரிடம் நீட்டினாள்.

"இது யாருன்னு சொல்லுங்க, சார். எனக்கு அவ்வளவா பழக்கமில்ல."

பிரந்தோலின் ஒரு கணம் பார்த்தார்.

"ஆகத்தாதான். அறுத்த மார்பைத் தட்டுல ஏந்தியிருக்காங்க. அருமையான வேலைப்பாடு!"

ஃபாதர் விசுக்கென்று நிமிர்ந்தார்.

"என்ன சொல்றீங்க! தட்டுல இருக்கிறது கண்ணு! இது கண்ணைப் பறிகொடுத்த புனித லூசியா!"

புரொபஸர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

புரொபஸரின் நெற்றியில் வியர்வை.

"சின்ன ஸ்கிரீன்... சரியாத் தெரியல..."

"கலோஜெரோவுக்கு இருட்டுலகூடத் தெரியும். ஃபாதருக்கும், திட்டின எண்பது பேருக்கும் தெரியும். ஏழாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இதை அனுப்பினவனுக்கும் ஓவியப் புரொபஸருக்கும் மட்டும் தெரியல!" நுன்சியா பெருமூச்சு விட்டாள். "ரோஸாரியோ, அந்தக் கோட்டைப் பாரு."

உள்பையில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று கலோஜெரோவுடையது!

"போனை அவரு பையில திருப்பி வைக்கத்தான் வந்தே. ஃபாதர் முந்தியே உடம்பைப் பாத்துட்டாரு. இல்லையா? யாருய்யா நீ?"

அவன் பெஞ்சில் சரிந்தான். புரொபஸரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெரோனாவில் பழைய படச் சட்டங்களுக்கு வார்னிஷ் அடித்தவன். அசல் மாதா, அவன் வாடகை அறைக் கட்டிலுக்கு அடியில் போர்வைக்குள் இருந்தாள். கையில் ஈயோடு.

"ஈ எங்கே, ஈ எங்கேன்னு உயிரை எடுத்தான்... இருநூறு பேருக்கும் ரெண்டு படத்தையும் அனுப்பிடுவேன்னான்... தள்ளிட்டேன்."

விலங்கு மாட்டும்போது முனகினான்.

"ஒரே ஒரு படம் மாறினதுக்கா மாட்டினேன்...!"

நுன்சியா வலிக்கிற முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

"சிசிலியில பெண்டாட்டி பேரை மாத்திச் சொன்னாக்கூட அடியோட தப்பிச்சுடலாம்யா. புனிதர் பேரை மாத்தினா ஆயுள்தான்!"