மேலடுக்கில் எல்லாம் நலம்

தமிழ்வாணியின் நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. சிவபாண்டி கவனிக்கத் தொடங்கி இருபது நிமிடமாயிற்று. ஒன்று ஏறவில்லை, ஒன்று இறங்கவில்லை.

பசுமலையில் அந்த மருத்துவமனையின் தரைத்தளக் கணினி அறையில், ஏசியின் உறுமலுக்கும் சூடேறிய வயர்களின் ரப்பர் வாடைக்கும் நடுவே உட்கார்ந்து, மூன்றாம் மாடி தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்ஸிஜனில் கிடக்கும் மனைவியை அவன் திரையில் வெறும் எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சாயங்கால வெயிலில் விழா மேடைக்கு மைக் கட்டி, "ஹலோ, ஹலோ" என்று யாரோ விடாமல் கனைத்தார்கள். நோயாளிகளைக் கண்காணிக்க சிவபாண்டி எழுதிய மென்பொருள் நூறு நாள் ஒரு பிழைகூட இல்லாமல் ஓடியதற்கு விழா. இயக்குநர் சாய்ராம் பொன்னாடையைத் தனக்கே வாங்கி வைத்திருந்தார்.

அவருக்குப் போன் போட்டான்.

"சார், ஆறாம் பெட் நம்பர் அசையவே மாட்டேங்குது."

"பச்சையா இருக்கா?"

"பச்சைதான் சார்."

"அப்புறம் என்னய்யா? ஸ்டெடியா இருக்கா உன் சம்சாரம். சந்தோஷப்படு."

பிழையே வராததற்கு ஒரு சூட்சுமம் உண்டு. மென்பொருளுக்கு நான்கு அடுக்கு. கட்டிலருகே உள்ள கருவிகளிடம் கேட்பது அடி அடுக்கு. அங்கே பதில் வராவிட்டால் இரண்டாம் அடுக்கு மேலே கத்த வேண்டும். கத்தினால் திரை சிவக்கும். சாய்ராமின் முகமும் சிவக்கும். ஆகவே, பதில் வராதபோது கடைசியாக வந்த நல்ல எண்ணையே மேலே அனுப்பும்படி சிவபாண்டி நான்கு வரி எழுதினான். ஒரு நிமிடத்துக்கு மட்டும் என்றுதான் எழுதினான். "எதுக்கு கஞ்சத்தனம்? எப்பவும் அனுப்பட்டுமே" என்றார் சாய்ராம். மாற்றிவிட்டான்.

ஒவ்வொரு அடுக்காகத் திறந்தான். நான்கு, நலம். மூன்று, நலம். இரண்டு, அவனுடையது, நலம். அடி அடுக்கில் கடைசிப் பதில் வந்த நேரம் மட்டும் இருந்தது. நாலு மணி பத்து. ஆறாம் கட்டிலுக்கு மட்டுமல்ல, எட்டுக் கட்டிலுக்கும். ஆக்ஸிஜன் குழாயின் அழுத்தத்துக்கும். அதன்பின் அழுத்தம் விழுந்திருந்தாலும் திரைக்குத் தெரியாது.

இப்போது மணி ஐந்தரை.

மாடிக்குப் பேசினான். நர்ஸ் சாருலதா எடுத்தாள்.

"எல்லாம் பச்சைதாண்ணே."

"ஸ்கிரீனை விடும்மா. உள்ள போயி ஆளைப் பாரு!"

"உள்ள போகப்படாதுன்னு சார் ஆர்டருல்ல? தொத்து வந்துரும்னு. கட்டில்கிட்ட சத்தத்தைக்கூட அமத்தியாச்சு. எதுன்னாலும் இங்கன ஸ்கிரீன்லயே அடிக்கும்ணே."

படிகளில் டெட்டால் நெடி. வழுக்கினான். எழுந்தான். ஓடினான்.

கதவு. வரிசையாகத் திரைச்சீலைகள். குழாயில் காற்று சீறும் சத்தம் இல்லை.

"வாணி..."

முகமூடிக்குள் விரலை விட்டான். காற்று இல்லை. கன்னம் சில்லிட்டிருந்தது.

அவள் வலக்கை போர்வைக்கு வெளியே கிடந்தது. உள்ளங்கையில் நர்ஸை அழைக்கும் பொத்தான். அந்த அழைப்பும் நான்கு அடுக்கு ஏறித்தான் ஒலிக்க வேண்டும்.

அடுத்த திரைச்சீலையை விலக்கினான். அதற்கடுத்ததை.

எட்டுக் கட்டில்.

எட்டுக் கை.

எட்டுக் கட்டைவிரலும் பொத்தானை அழுத்தியபடியே இருந்தன.