முறுக்குக் கம்பி

வலை போட யாருக்கும் அனுமதி இல்லாத படகுப் பாதையில், படகின் அடியில் சுழலும் விசிறி எதையோ சுற்றிக்கொண்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. நெடுந்தீவுக்குப் போகும் கடைசிப் படகு. மேலே சனமும் ஆடுகளும் சீமெந்துப் பைகளும். கீழே எஞ்சின் அறையில் வின்சன்ற் மட்டும். டீசல் மணத்தை மீறிக்கொண்டு, வெயிலில் கிடந்து அழுகிய திருக்கையின் மணம் எங்கிருந்தோ வந்தது.

அவன் தங்கையின் புருசன் ஜஸ்ரின் கத்தியோடு இறங்கி வந்தான்.

"கம்பியைத் தா மச்சான்."

"கவனமடா. உந்தப் பாரத்தோடை தாண்டு போவாய்."

"என்ரை வண்டி மிதக்கும்." தொப்பையைத் தட்டிக் காட்டினான். "நீ நித்திரை கொள்ளாமல் இரு."

விசிறியில் சுற்றியதை வெட்டி விடப் போகிறவன், எஞ்சினை முறுக்கிக் கிளப்பும் கம்பியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் குதிப்பான். அவன் மேலே வந்து, கம்பியைக் கையில் தரும்வரை எஞ்சினை ஒருவராலும் கிளப்ப முடியாது. அவன் உயிருக்கு அதுதான் காவல்.

ஜஸ்ரின் குதித்தான். படகின் அடிப்பலகைக்குக் கீழே கத்தி கயிற்றை அறுக்கும் சத்தம் கரகரவென்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. வேறொன்று தொடங்கியது. நகத்தால் பலகையைப் பிறாண்டிக்கொண்டு, பின்னாலிருந்து மெல்ல மெல்ல, வின்சன்றின் காலடிவரை வந்து, பக்கச் சன்னலுக்குத் திரும்பியது.

ஈரக் கையொன்று கம்பியை உள்ளே நீட்டியது.

"முடிஞ்சுதோ?"

பதில் இல்லை. மூச்சு வாங்குகிறான் போல என்று நினைத்தான். மேலே சுக்கானில் நின்ற பஞ்சலிங்கம் கத்தினார். "கெதியாய் எடடா! காத்து எங்களைக் கற்பாரிலை ஏத்தப்போகுது!"

முகத்தைப் பாராமல் வாங்கினான். முறுக்கினான். கியரைப் போட்டான்.

தொம். முதலில் மெத்தென்ற ஒன்று. பிறகு எலும்பு. படகு முழுக்க நடுங்கியது.

மேலே பஞ்சலிங்கம் அலறினார். "நிப்பாட்டு! ஜஸ்ரின் இன்னும் ஏறேல்லை!"

சன்னலுக்கு வெளியே தண்ணீர் சிவந்தது. கம்பியில் ஜஸ்ரினின் இடுப்புக் கயிறு, அறுந்தபடி. முடிச்சு அவிழவில்லை.

கியருக்குப் பாய்ந்தான். சன்னலால் வந்த கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. வெள்ளைக் கை. நாள்கணக்காய் ஊறிய தோல். நகத்துக்கு அடியில் சேறு.

இழுத்தது. எலும்பு முறிந்தது. கியர் ஒரு சாண் தூரத்தில். மற்றக் கையை நீட்டினான். எட்டவில்லை.

எஞ்சின் ஓடியது.

சன்னலுக்குள் இன்னொரு கை நுழைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று.