இறந்தவரின் கால் தேறுகிறது

"செத்துப்போன மனுஷன் நடக்கிறாருன்னா பயந்து ஒதுங்கிடலாம் சார். இவரு நாளுக்கு நாள் நல்லா நடக்கிறாரே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

இனியா ஒரு கட்டுக் காகிதத்தைக் கலியமூர்த்தியின் மேசையில் பொத்தென்று போட்டாள். போலீசில் இருபத்தெட்டு வருடம் காலடித்தடம் பார்த்தே ஓய்வு பெற்ற மனிதர் அவர். முத்தியால்பேட்டையில் வீட்டுச் சாவி தொலைந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். இனியா பிசியோதெரபிஸ்ட். மற்றவர்களை நிதானமாக நடக்கச் சொல்வது அவள் தொழில். அவளுக்கு மட்டும் அந்த நிதானம் கிடையாது.

அவளோடு வந்திருந்த மிரேய் அம்மாள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். எழுபது வயது. மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை, சோறில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

விஷயம் இதுதான். அது 2009. பக்கவாதத்தில் கால் தளர்ந்த முதியவர்களுக்காக ஒரு பொறியியல் கல்லூரியில் கணுக்கால் பட்டை ஒன்று செய்திருந்தார்கள். காலை இழுத்து வைத்தால் 'பீப்' என்று கத்தும். ஒழுங்காகத் தூக்கி வைத்தால் வாயை மூடிக்கொள்ளும். எந்த நாள், எந்த நேரம், எப்படி நடந்தோம் என்று ஒவ்வோர் அடியையும் பதிந்தும் வைக்கும். இனியா அதைப் பன்னிரண்டு பேருக்குக் கட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒருவர் மிரேயின் கணவர் ரேமோன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இடது கால் இழுப்பு. ஜூன் மூன்றாம் தேதி இறந்துபோனார். போன வாரம் பட்டையைத் திரும்ப வாங்கப் போன இனியா, அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனாள்.

"ஜூன் இருபதுல இருந்து தினமும் சாயந்திரம் நாலு மணிக்கு நடை பதிஞ்சிருக்கு சார். அதே இடது கால், அதே இழுப்பு. முதல் வாரம் ஒரு நாளைக்கு எண்பது பீப். இப்போ முப்பது."

"சத்தத்த நானே கேட்டேன்" என்றார் மிரேய். "மத்தியானம் மாடியில போய்ப் படுத்தா அஞ்சு மணி வரைக்கும் படுத்திருப்பேன். கீழ அவரு ரூம்ல இருந்து வரும். எறங்கிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"ஏன் மதாம்? ஐம்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்தானே?" என்று கேட்டார் கலியமூர்த்தி.

மிரேய் ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தினார். "அன்னிக்கு எனக்குத் தலைவலி. அந்தச் சனியனக் கழட்டி வைங்க, தூங்கணும்னு கத்திட்டேன். ஒரு வார்த்த பேசாமக் கழட்டி வச்சாரு. அது இல்லாம நடந்தாரு, விழுந்துட்டாரு. மூணாம் நாள் போயிட்டாரு. மோன் தியே, என் கடவுளே! நான் கழட்டச் சொன்னத இப்போ மாட்டிக்கிட்டு எனக்குக் கேக்கணும்னே நடக்கிறாரு. என்னை மன்னிக்கவே இல்ல. பட்டைய இந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போறேன்னா. நான் விடல. அவருக்கு அது வேணுமே!"

இந்த அம்மாள் இப்படியே விட்டால் பிழைக்க மாட்டார் என்று இனியாவுக்குத் தெரிந்தது.

கலியமூர்த்தி நடையைக் கோடுகளாக அச்சிட்ட காகிதங்களைப் புரட்டினார். உயிரோடிருந்தபோது ரேமோனின் நடை ஊசி ஊசியாகக் கூர்மையாக ஏறி இறங்கியது. இறந்த பிறகு அதே நடை மழுங்கலாக இருந்தது. அதோடு, பதினான்கு அடிக்கு ஒருமுறை ஒரே ஒரு கோடு மலை மாதிரி உயர்ந்து நின்றது.

"இது என்னம்மா?"

"மிஷின் கோளாறா இருக்கும் சார்."

"கோளாறு பதினாலு பதினாலா எண்ணிக்கிட்டு வராது" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆட்டோவில் போகும்போதே இனியா குற்றவாளியைப் பிடித்துவிட்டாள். "அந்த ஃப்ளோரான்தான் சார். மதாமோட அக்கா பையன், மாடியிலேயே தங்கியிருக்கான். நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல ஃபேக்டரி வேலை, மூணு மணிக்கெல்லாம் வீட்டுல இருப்பான். வீட்ட விக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். பயமுறுத்தினா கிழவி கையெழுத்து போட்டுடும்ல?"

"ஒத்தக்கால்ல நிக்கிறவன் எப்படிம்மா நடப்பான்?" என்றார் கலியமூர்த்தி. இனியாவுக்குக் கோபம் வந்தது.

பழைய வீடு. ரேமோனின் அறைக்கும் கூடத்துக்கும் நடுவே தேக்கு நிலை. கீழ்ப்படி ஒரு சாண் உயரம். அதன் நடுப்பகுதி மட்டும் ஷூ தேய்த்துத் தேய்த்துப் பள்ளமாகியிருந்தது. "அவரு வீட்டுக்குள்ளயும் ஷூ போட்டுத்தான் நடப்பாரு, பட்டாளத்துப் பழக்கம்" என்றார் மிரேய். பட்டை ரேமோனின் அறையில் மேசை மேல் கிடந்தது. அதில் சார்ஜ் முக்கால்வாசி இருந்தது.

சமையலறையில் மிக்சிக்குப் பின்னால் அதன் சார்ஜர் செருகியிருந்தது. கொல்லைக் கதவருகே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வலது செருப்பு நன்றாக இருந்தது. இடது செருப்பின் முனை மட்டும் தரையில் உரசி அரைபட்டிருந்தது. கலியமூர்த்தி அதைக் குனிந்து எடுத்துப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வேலைக்காரி அஞ்சலாட்சி அடுப்படியில் உட்கார்ந்தபடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும்.

"நாலு மணிச் சத்தம் நீ கேட்டிருக்கியாம்மா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார். நான் தோட்டத்துல துணி தொவைப்பேன்."

மாடியில் மிரேய்க்குக் கேட்டது அறையை ஒட்டிய தோட்டத்தில் கேட்கவில்லையாம்! இனியா வாயைத் திறக்கப் போனாள். கலியமூர்த்தி கண்ணால் அடக்கினார்.

பிறகு எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தார். ஃப்ளோரான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். கலியமூர்த்தி ஆளுக்கொரு வேலை சொன்னார். ஃப்ளோரான் ரேமோனின் அறையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவர வேண்டும். மிரேய் அதே அறையிலிருந்து அவருடைய போட்டோவை எடுத்துவர வேண்டும். அஞ்சலாட்சி அந்தப் பட்டையை.

ஃப்ளோரான் ஷூ காலால் படியை மிதித்துப் போய் வந்தான். மிரேய் செருப்போடு அதே பள்ளத்தில் கால் வைத்து ஏறி இறங்கினார். அஞ்சலாட்சி வெறுங்காலோடு போனாள். படியருகே நின்றாள். நிலையைப் பிடித்துக்கொண்டு, இடது காலை இடுப்போடு சேர்த்துத் தூக்கி, படியில் படாமல் அந்தப் பக்கம் வைத்தாள். நெற்றியில் வியர்த்துவிட்டது. அப்போதும் படியை மிதிக்கவில்லை.

இனியாவுக்கு அந்த மலைக்கோடு கண்முன் வந்து நின்றது.

"பேய்க்குச் சார்ஜர் தேவையில்ல" என்று ஆரம்பித்தார் கலியமூர்த்தி. "ரேமோன் ஷூ போட்டு நடந்தவர், அதனால கோடு கூர்மை. அப்புறம் நடந்தது வெறுங்கால், அதனால மழுங்கல். ஃப்ளோரான் தம்பி வீட்டுக்குள்ள ஷூவக் கழட்டுற ஆளில்ல. அதோட, பயமுறுத்த நொண்டி நடிக்கிறவனுக்குத் தினம் கொஞ்சம் கொஞ்சமா கால் தேறாது. இது நெஜமாவே சரியில்லாத கால், நெஜமாவே பழகுது. அந்த மலைக்கோடு, ரூமுக்கும் கூடத்துக்குமா நடக்கும்போது நிலைப்படியத் தாண்டின அடி. இந்த வீட்டுக்காரங்க படிய மிதிப்பாங்க. மிதிச்சா வீட்டுக்கு ஆகாதுன்னு நெனைக்கிறவங்கதான் இவ்வளவு கஷ்டப்பட்டுத் தாண்டுவாங்க. எப்போ வந்துச்சும்மா கால்ல?"

அஞ்சலாட்சி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாசியில சார். காலையில எழுந்தா ஒரு பக்கம் மரத்துப் போயி... முட்டி வலின்னு சொல்லிட்டேன். கால் போச்சின்னு தெரிஞ்சா வேலைக்கு வச்சிப்பாங்களா? முசியே ஐயாவுக்கு நான்தான் தினம் இதக் கட்டிவிடுவேன். இந்தப் பொண்ணு சொல்லிக் குடுக்கிறதப் பக்கத்துல நின்னு பாத்துப்பேன். அவரு போன அப்புறம், சும்மாதானே கெடக்குதுன்னு... மதாம் தூங்குறாங்கன்னு நெனைச்சேன். தப்புதான்."

இனியாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு மாதம் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் பார்த்ததெல்லாம் பட்டியலில் பெயருள்ள கால்களை மட்டும்தான். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவள் சுவரைப் பிடித்து நடந்ததை ஒருநாளும் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மிரேய் கணவரின் போட்டோவை மடியில் வைத்திருந்தார். யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ... அவரு வரவே இல்லையா?"

மூன்று வாரமாக நடுங்கிய பெண், நடுங்க ஆளில்லை என்று தெரிந்ததும் அழ ஆரம்பித்தார். ஃப்ளோரான்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

அஞ்சலாட்சி பட்டையை மேசையில் வைத்தாள். "இனிமே தொட மாட்டேன் மதாம். சத்தம் வராது."

மிரேய் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். நாலடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"கட்டிக்க" என்றார்.

"மதாம்?"

"கட்டிக்கடீ. என் முன்னாடி நட. கழட்டச் சொல்ல மாட்டேன்."

இனியா மண்டியிட்டு அஞ்சலாட்சியின் இடது கணுக்காலில் பட்டையைக் கட்டினாள். அஞ்சலாட்சி நடந்தாள். பீப். இன்னொரு பீப். நிலைப்படியருகே வந்ததும் நின்று, காலைத் தூக்கத் தடுமாறினாள்.

"மிதிச்சிட்டுப் போ" என்றார் மிரேய். "அவரும் ஐம்பது வருஷம் மிதிச்சாரு. வீடு நின்னுக்கிட்டுத்தானே இருக்குது? தாண்டறேன்னு நீயும் விழுந்து வைக்காத."

அஞ்சலாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரேமோனின் ஷூ தேய்த்த பள்ளத்தில் இடது பாதத்தை மெல்ல ஊன்றினாள். பட்டை கத்தவில்லை. அந்தப் பக்கம் இறங்கி நாலடி போனதும் மறுபடி கத்தியது. மிரேய் காதைப் பொத்திக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்.