நடுவில் நின்றது

மூடிக் கிடந்த தொழிற்சாலைக்குப் பின்னாடி ஒரு வெட்டவெளி. மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு கோடியில புது ஆன்டெனாவும் மீட்டருமா நான். எதிர்க்கோடிச் சுவரோரம் அக்கா புருஷன், மர ஸ்டாண்டுல பொருத்தின சின்ன டிரான்ஸ்மிட்டரோட. அது சிக்னல் அனுப்பும், ஆன்டெனா வாங்கும், மீட்டர் முள் எவ்வளவு ஏறுதுன்னு நான் பார்க்கணும். அவ்வளவுதான் வேலை. மச்சான் போன தடவை டவர்ல இருந்து விழுந்து பிழைச்சவர். "அவருக்கு ஒண்ணுன்னா இந்த வீட்டுப் படி மிதிக்காதே"ன்னு சொல்லித்தான் அக்கா என்னோட அனுப்பியிருந்தா.

முள் திடீர்னு பாதிக்கு விழுந்துச்சு. குறுக்கே ஆள் நின்னா இப்படித்தான் விழும். எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. எருமை மாதிரி நடுவுல நிக்காதீங்கன்னு போன்ல கத்தினேன். அவர் சிரிச்சுக்கிட்டே, தள்ளி நிழல்ல உட்கார்ந்திருக்கேன்னார். நிமிர்ந்து பார்த்தேன். உண்மைதான். நடுவுல ஈ காக்காய் இல்லை.

முள் இன்னும் இறங்குச்சு.

மறைக்கிறது ஏதோ ஒரு முனையை நெருங்கினாத்தான் அப்படி இறங்கும். எந்த முனைன்னு மீட்டர் சொல்லாது.

பச்சை ரத்த வாடை அடிச்சுது. என் பக்கம்தான் வருதுன்னு நினைச்சேன். இரும்புக் கம்பியைத் தூக்கிக்கிட்டு, முதுகை ஆன்டெனாத் தூண்ல ஒட்டி நின்னு, வெறும் காத்துல வீசினேன். ஓடுங்க மச்சான்னு ஒரு வார்த்தை சொல்லத் தோணலை. பாழாப்போன புத்தி.

முள் அடியில போய்ப் படுத்துடுச்சு.

போன்ல மச்சான் குரல், ரொம்ப மெதுவா.

"மாப்ள... என் பிடரியில யாரு மூச்சு விடுறது?"

ஏதோ அவரை அப்படியே தூக்கிச் சுவர்ல அறைஞ்சுது.

மறுபடியும்.

மறுபடியும்.

எலும்பு முறியிற சத்தம் போன் வழியா என் காதுக்குள்ளேயே கேட்டுது. ஓடினேன். அவருக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லாத இடத்துல கம்பியை ஓங்கி இறக்கினேன். சதையில பட்டுது. சூடா ரத்தம் என் முகத்துல பீறிட்டுது. அது மச்சான் ரத்தம் இல்லை. அவர் தொப்புன்னு தரையில விழுற வரைக்கும் வெறி பிடிச்சவன் மாதிரி அடிச்சேன்.

உயிருக்கு ஆபத்தில்லைன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வராந்தாவுல உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அப்புறம் அக்கா உள்ளே கூப்பிட்டா.

"இவர் கழுத்துல என்னடா இது?"

கருநீலமா அஞ்சு விரல் தடம். ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். அக்கா மருந்து தடவக் கையை நீட்டினா.

அவ தொடுறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு தடமா உள்ளே அழுந்த ஆரம்பிச்சுது.