ரத்தம் காட்டிக்கொடுக்கும்

சேதுவின் தலை மறுபடியும் வாய்க்கால் தண்ணீருக்குள் போனது.

செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் கறுப்புத் தண்ணீர். மூக்கில், வாயில், காதில் சேறு. பிடரியில் மச்சான் புவனேசனின் முழங்கால்.

தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தான் புவனேசன்.

"சொல்றியா?"

"என்… என்னத்த சொல்லச் சொல்றீங்க மச்சான்?"

"என் தங்கச்சிக்கு நீதான் விஷம் வச்சேன்னு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல வாய்ஸ் மெசேஜ் போடு. அப்புறம் மூச்சு விடலாம்."

சேதுவின் கைப்பேசி புவனேசனின் இடது கையில். வலது கையில் பாராங். காலையில் தீட்டிய கத்தி, வெயிலில் பளபளத்தது.

தங்கச்சி விஜயராணி, சேதுவின் மனைவி. பிள்ளை பெற்று ஆறேழு மாதம்தான் ஆகிறது. முகம் வீங்கி, கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

"ராணிக்கு நான் ஏன் மச்சான் விஷம் வைக்கப்போறேன்?"

பாராங்கின் பின்பக்கம் தாடையில் விழுந்தது. முன்பல் ஒன்று பாதி உடைந்து வாய்க்காலுக்குள் தெறித்தது.

"ஏன்னு நான் கேக்கலயே. வச்சேன்னு மட்டும் சொல்லு லா. கோல சிலாங்கூர் ஆத்து முதலைங்க உனக்காகப் பசியோட காத்துக்கிட்டிருக்கு."

கைப்பேசி அலறியது!

திரையில், டாக்டர் கிளாரிஸ்ஸா.

புவனேசன் இளித்தான். "நல்ல நேரத்துலதான் கூப்பிடுறாங்க. உன் லட்சணத்த டாக்டர் வாயாலயே கேப்போம்."

ஸ்பீக்கரைத் தட்டினான்.

"மிஸ்டர் சேது? வைஃபோட ரிசல்ட் வந்துருச்சு. அவங்க உடம்பே அவங்க கிட்னிய தாக்குது. அதுக்கு உடம்பு செய்யற ஆயுதம்தான் ஆன்டிபாடி. அது எந்த வகைன்னு தெரிஞ்சா, நோய் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு க்ளூ கிடைக்கும்."

"எங்கேருந்து டாக்டர்?" குரலைத் தாழ்த்திக் கேட்டான் புவனேசன்.

"முக்கால்வாசி பேருக்கு பி.எல்.ஏ.டூ.ஆர்னு ஒண்ணு இருக்கும். அது இருந்தா பெரும்பாலும் தானா வந்த நோய். இவங்களுக்கு அது இல்ல. இருக்கறது நெல்-ஒன்ங்கற வேற வகை. அது பாதரசத்தாலயும் வரும், அதான் எனக்குச் சந்தேகம். ரத்தத்துல பாதரசம் இருக்கான்னு பாத்தேன். எக்கச்சக்கமா ஏறியிருக்கு. நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்ட்டாங்களா?"

புவனேசனின் கட்டைவிரல் அழைப்பைத் துண்டித்தது.

ஓலைகள் உரசும் சத்தம் மட்டும்.

நாட்டு மருந்து!

பிள்ளை பெற்றவளுக்கு மருந்து தாய் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். புகுந்த வீட்டார் அந்த மருந்து டின்னைத் தொடக்கூடக் கூடாது. ராணிக்குத் தாய் இல்லை. தாய் வீடு என்றால்… அண்ணன் வீடு.

"மருந்து… நீ கொண்டாந்தது."

"இப்பத்தான் வெளங்குதா மாப்புள?" புவனேசன் நிதானமாகக் கேட்டான். "சபாக் தோட்டத்துல பாதிய எங்கப்பன் அவ பேர்ல எழுதிட்டுப் போய்ட்டான். கேட்டேன், தரல. அவ செத்தா உனக்குப் போகும். நீ விஷம் வச்ச புருஷனா ஆத்துல மெதந்தா? புள்ளைக்குப் போகும், அதப் பாத்துக்கத் தாய்மாமன் நான் இருக்கேன்ல."

"கூடப்பொறந்தவடா அவ!"

"அதான் வலிக்காத மருந்தா குடுத்தேன்."

பாராங் உயர்ந்தது.

சேது பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தான். உடைந்த பல்லும் சேர்ந்து சதைக்குள் இறங்கியது. புவனேசன் ஊளையிட்டான். கைப்பேசி சேற்றில் விழுந்தது. பாராங் இறங்கி சேதுவின் தோளைப் பிளந்தது. சூடாக ரத்தம். இருவரும் கட்டிப் புரண்டார்கள். புவனேசன் மேலே, சேது கீழே.

கைப்பேசி மறுபடியும் அலறியது.

சேதுவின் விரல்கள் சேற்றில் துழாவி, திரையைத் தேய்த்தன. ஸ்பீக்கரில் டாக்டரின் குரல்.

"மிஸ்டர் சேது, லைன் கட்டாயிருச்சு. உங்க மச்சான் புவனேசன் பக்கத்துல இருக்காரா? அர்ஜென்ட்."

சேதுவின் தொண்டைக்கு ஒரு சாண் மேலே பாராங் நின்றது.

"நான்தான். என்ன?"

"தங்கச்சிக்கு கிட்னி தர்றேன்னு வார்டுல அழுதீங்களே, அப்ப எடுத்த ரத்தம். உங்களுக்கும் நெல்-ஒன் பாசிட்டிவ். பாதரசம் தங்கச்சிய விட உங்களுக்குத்தான் அதிகம். உடனே வந்து அட்மிட் ஆகுங்க."

"நானா? நான் அத வாயில வச்சதே இல்லயே…"

மறுமுனையில் ஏதோ சலசலப்பு. பிறகு விஜயராணியின் களைத்த குரல்.

"அண்ணே, கோவிச்சுக்காத. அந்த மருந்து ஒரே கசப்பு. அம்மா வீட்டு மருந்தக் கொட்டவும் மனசு வரல. நீ தெனமும் வந்து சுக்குக் காப்பி குடிப்பியே… பாதிக்கு மேல அதுலதான் கலந்தேன். வெயில்ல நின்னு குலை வெட்டுற ஆளு, ஒடம்புக்குத் தெம்பா இருக்கட்டும்னு…"

பாராங் புவனேசனின் கையிலிருந்து நழுவியது. அவன் வாய்க்கால் ஓரம் குப்புற விழுந்து, தொண்டைக்குள் விரலை விட்டுக் குமட்டினான்.

சேது பாராங்கை எடுத்துக்கொண்டு தள்ளாடி எழுந்தான். வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினான்.

"எந்திரி மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போலாம். வழியில நிறுத்தி ஒரு காப்பி குடிக்கிறியா?"