மடித்து விட்ட ஸ்கேட்

தடதடதடவென்று ஒரு சத்தம்! கடையில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மொத்தமும் சரிந்து விழுந்தன.

குவியலுக்கு நடுவிலிருந்து சிட்டுவின் தலை எட்டிப் பார்த்தது. அவளுடைய ஒரு காலில் சிவப்பு ஸ்கேட். இன்னொன்று தனியாக உருண்டு, கல்லாப்பெட்டி வரை போய் நின்றது.

"அடி பட்டுச்சாம்மா?" என்று கடைக்கார அக்கா ஓடி வந்தார்.

"இல்லக்கா. அதுவே காலைவிட்டுக் கழண்டு ஓடிடுச்சு."

அப்பா அசரவில்லை. "ரெண்டு வருஷத்துல கால் வளர்ந்து கச்சிதமா நிக்கும், பாரேன்!"

அப்பா தையல்காரர். பள்ளிச் சீருடை தைத்தால், கீழே நாலு விரல் துணியை உள்ளே மடித்து விடுவார். பிள்ளை வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம். அதே நினைப்பில் ஸ்கேட்டையும் இரண்டு அளவு பெரிதாகக் கேட்டிருந்தார்.

"ஸ்கேட்டுக்குள்ள குதிகால் தூக்கக் கூடாதுங்க. கணுக்கால் மடங்கிடும்" என்றார் அக்கா.

"சரியான சைஸ் எடுத்தா ஆறு மாசத்துல பத்தாதே!" என்றார் அப்பா. "அப்ப இப்போதைக்கு வேணாம். கால் வளர்ந்து முடியட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்."

சிட்டுவுக்குப் பகீரென்றது. அது முடிய இன்னும் எத்தனை வருஷமோ! அழுதால் வேலைக்கு ஆகாது. யோசித்தாள்.

"அக்கா, அப்பா துணியை மடிச்சு விடுற மாதிரி, ஸ்கேட்டுலயும் யாராவது மடிச்சு விட்டிருக்காங்களா?"

அக்கா சிரித்துவிட்டார். மேல்தட்டிலிருந்து ஒரு சாம்பல் நிற ஜோடியை இறக்கினார். சிவப்பு ஸ்கேட்டில் இருந்த விளக்கு இதில் இல்லை, மினுமினுப்பு இல்லை. பக்கவாட்டில் ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தி முனையை இழுத்தார். க்ளிக்! ஸ்கேட் நீண்டது.

சிட்டு சிவப்பு ஸ்கேட்டை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தாள். பிறகு சாம்பல் நிறத்தைத் தன் அளவுக்குச் சுருக்கி மாட்டிக்கொண்டாள். முழங்காலை மடக்கினாள். குதிகால் அசையவே இல்லை. கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சர்ரென்று போனாள்.

"இதுதான்ப்பா! நான் வளர வளர இதுவும் வளரும்!"

அவள் கழற்றியதும் அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். க்ளிக். மறுபடியும் க்ளிக். முகமெல்லாம் சிரிப்பு.

"பில் போடட்டுங்களா?" என்றார் அக்கா.

"கொஞ்சம் இருங்க." அப்பா குரலைத் தாழ்த்தினார். "இது இன்னும் எவ்வளவு நீளும்? என் கால் அளவுக்கு வருமா?"