பாய்க்குள்ளே யார்?

சங்கு ஊதியது.

சாயங்கால ஜெப நேரம். சலேஃபாவோ கிராமத்தில் சங்கு ஊதிவிட்டால் ரோட்டில் ஈ காக்காய் நடமாடக் கூடாது. நடந்தால் அபராதம். வண்டி ஓட்டினால் பெரிய அபராதம்.

வீட்டுக்கு வீடு தலைகள் குனிந்தன. கண்கள் மூடின.

ரோட்டில் நின்றது ஒரே ஒரு ஆள். பெரியவர் மோசே. வெள்ளைச் சட்டை, கையில் கம்பு. வருகிற வண்டியைக் கை காட்டி நிறுத்துவது அவர் பொறுப்பு. ஜெபம் முடிந்த பிறகுதான் விடுவார்.

'டமார்...'

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. ஆமென் சொல்லும்வரை திறக்கக் கூடாதாம். என்ன பழக்கமோ!

ஆமென் சொல்லி முடித்து ஓடி வந்து பார்த்தபோது மோசே ஈரப்பலா மரத்தடியில் கிடந்தார். சட்டை சிவந்திருந்தது. உயிர் இல்லை.

வண்டியும் இல்லை.

ஊரே சாட்சி. அத்தனை சாட்சியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

*

இன்ஸ்பெக்டர் தலிதா மறுநாளே ஆளைப் பிடித்துவிட்டாள்.

லாஃபி. பிக்கப் வண்டி ஓட்டுகிறவன். சங்குக்கு அப்புறம் வண்டி ஓட்டி மோசேயிடம் பலமுறை மாட்டியவன். "இந்தக் கிழவனை ஒரு நாள் ஏத்திடப் போறேன் பாரு" என்று கடை வாசலில் நின்று கத்தியவன். அவன் வண்டியில் ஒரு ஹெட்லைட் உடைந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

கொலை வழக்கு. நிரூபணமானால் ஆயுள்.

லாஃபிக்கு வக்கீல் வைக்க வக்கில்லை. ஆனால் ஒரு வக்கீல் தானாகவே வந்து நின்றார்.

நேமியா!

வெலிங்டனில் சட்டம் படித்தவர். சபையில் டீக்கன். கேஸ் கட்டைப் பிரிப்பதற்கு முன் ஜெபம் பண்ணுவார். பொய்க் கேஸ் என்றால் வாசலோடு திருப்பி அனுப்புவார். 'சட்டமும் கர்த்தரோடதுதான்' என்று சொல்வார், சொன்னபடி நடப்பார். தலைநகர் ஆபியாவின் கோர்ட்டில் மற்ற வக்கீல்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

தலிதா அவர் ஆபீசுக்குள் நுழைந்தாள். சுவரில் ஒரு பக்கம் பட்டம், இன்னொரு பக்கம் சிலுவை.

"வக்கீல் சார், நேராவே கேக்கறேன். செத்தவருக்கு அடக்க ஆராதனையில ஜெபம் பண்ணினதும் நீங்க. கொன்னவனுக்கு வாதாடப் போறதும் நீங்க. இது உங்களுக்கே நல்லாருக்கா?"

"லாஃபி கொல்லல."

"அதை அவன் சொன்னானா, கர்த்தர் சொன்னாரா?"

நேமியா சிரிக்கவில்லை. மெலிந்திருந்தார். காலர் கழுத்தில் நிற்கவில்லை.

"ரோட்டுல கண்ணாடித் துண்டு ஏதாவது எடுத்தீங்களா? அவன் ஹெட்லைட்டோட பொருந்துதா?"

"அன்னிக்கு ராத்திரி பேய் மழை சார். எல்லாம் கடலுக்குப் போயாச்சு."

நேமியா பெருமூச்சு விட்டார்.

"அப்போ உங்க கேஸும் கடலுக்குத்தான். திங்கக்கிழமை ஜட்ஜ் முன்னாடி கிழிச்சுடுவேன்."

"கிழிங்க, பார்ப்போம்." தலிதா தொப்பியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று திரும்பினாள். "அது சரி... அன்னிக்குப் பக்கத்து ஊர் வாலிபர் கூட்டத்துல நீங்கதான் பேசினீங்களாமே. 'விசுவாசி வக்கீலாகலாமா'ன்னு. என் தங்கச்சி வந்திருந்தா. நீங்க மேடையிலயே அழுதுட்டீங்களாம், கூட்டமே சேர்ந்து அழுதுச்சாம். இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததே இல்லன்னு புலம்பறா."

நேமியா கேஸ் கட்டைத் திறந்து அதில் தலையைப் புதைத்துக்கொண்டார்.

*

லாக்கப்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. நான் வெளிய வந்துடுவேனா?"

"வருவே."

"சத்தியமா?"

"கர்த்தர் மேல ஆணையா உன்னை வெளிய கொண்டு வருவேன் லாஃபி. அது என் பொறுப்பு."

லாஃபிக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் மனைவிக்கு இது நிறைமாசம். குழந்தை பிறக்கும்போது அப்பன் கம்பிக்குப் பின்னால் இருப்பானோ என்பதுதான் அவன் பயம். அந்தப் பயத்திலும் வாய் மட்டும் அடங்கவில்லை.

"பஸ்ல வர்றீங்களாமே சார்? பன்னி மேல காரை விட்டுட்டீங்கன்னு கான்ஸ்டபிள் சொன்னாரு."

"ம்... பட்டறையில கிடக்கு."

"ஒரு பன்னியை ஒதுக்கி ஓட்டத் தெரியல, உங்களுக்கெல்லாம் லைசென்ஸ்! வெளிய வந்ததும் நானே கத்துத் தர்றேன் சார். இந்தக் கேஸுக்குப் பதில் மரியாதை."

கான்ஸ்டபிள் விழுந்து விழுந்து சிரித்தார். நேமியாவும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

*

ஞாயிறு. ஆராதனை முடிந்து மதியச் சாப்பாடு.

எதிரே நேமியாவின் அப்பா, உபதேசியார் எசெகியேலு. அந்தக் குடும்பத்துத் தலைவரும் அவர்தான். சேப்பங்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"திருவிருந்துக்கு நீ எழுந்து வரலையே, நேமியா?"

"உடம்பு சரியில்லப்பா."

"போன தடவையும் வரல."

நேமியா கோகோவை எடுத்து ஊதினார்.

"உங்கிட்ட ஒரு சட்டம் கேக்கணும்." கிழவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒருத்தன் ஒரு பெரிய தப்பு பண்ணிட்டான்னு வை. அதுக்கு வேற ஒருத்தன் உள்ள இருக்கான். தப்பு பண்ணினவன் வந்து சொல்லணும்னு சட்டம் இருக்கா?"

நேமியா கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"யாருப்பா அது?"

"யாரோ. சட்டம் என்ன சொல்லுது?"

"யாரும் தனக்கு எதிரா தானே பேசணும்னு சட்டம் இல்ல. தெரிஞ்சவங்களும் அவங்களா வந்து சொல்லியாகணும்னு இல்ல. வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுங்க. உள்ள இருக்கறவனை நான் வெளிய எடுத்துடறேன். அதோட முடிஞ்சுது. யாருக்கும் நஷ்டமில்ல."

"மோசேக்கு?"

நேமியா எழுந்து தட்டுகளை அடுக்கினார்.

"இதைத்தான் படிச்சியா அவ்வளவு தூரம் போய்?" என்றார் கிழவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

*

திங்கள். கிழக்கு வெளுத்த நேரம்.

போன் அலறியது.

"வக்கீல் சார், உங்க கேஸ் முடிஞ்சுது." தலிதாவின் குரலில் குஷி.

"என்ன சொல்றீங்க?"

"மோசே வீட்டு முன்னாடி பாய் போர்த்திட்டு உக்காந்தாச்சு!"

நேமியாவுக்குத் தூக்கம் தெறித்தது.

இஃபோங்கா!

குற்றம் செய்தவன் குடும்பம், விடிவதற்குள் செத்தவன் வீட்டு முன்னால் வந்து, பரம்பரைப் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு மண்ணில் உட்காரும். ஒரு வார்த்தை பேசாது. வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்துவிட்டால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் கல் வரும், கத்தி வரும். எது வந்தாலும் பாய்க்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

"லாஃபி குடும்பமா?"

"வேற யாரு? ஒத்துக்கிட்டாங்க சார். ஜட்ஜ் கேக்கப்போற முதல் கேள்வியே இதுதான்."

"முட்டாளுங்க! யாரு போகச் சொன்னது இவங்களை?"

கோர்ட் சட்டையை மாட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்துப் பறந்தார். வழியில் லாஃபியின் வீடு. சுவரில்லாத வீடு, விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னார்.

உள்ளே லாஃபியின் அம்மா எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து பனிகேக்கே பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நிறைமாத மருமகள். பின்னால் தம்பிகள் பாயில் உருண்டு தூங்கினார்கள்.

"என்ன சார் இந்நேரத்துல? சூடா இருக்கு, ரெண்டு சாப்பிடுங்க."

"நீங்க... மோசே வீட்டுக்குப் போகலையா?"

"நாங்க எதுக்குப் போகணும்? என் பையன் பண்ணலேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நேமியா டாக்ஸிக்கு ஓடினார்.

அப்படியானால்... பாய்க்குள்ளே யார்?

*

மோசே வீட்டு முன்னால் ஊரே கூடியிருந்தது.

புல்தரையில் ஒரு பாய். அதற்குள் ஒரே ஒரு உருவம், குனிந்து உட்கார்ந்திருந்தது.

மோசேயின் மகன் சேமு வெட்டுக்கத்தியோடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

தலிதா ஜீப்பில் சாய்ந்து நின்றாள். "ஒத்தை ஆள்தான் வந்திருக்கு. லாஃபியோட சித்தப்பனா இருக்கும்."

"லாஃபி வீட்ல எல்லாரும் வீட்லதான் இருக்காங்க" என்றார் நேமியா.

தலிதா நிமிர்ந்தாள். "என்னது?"

அதற்குள் மோசேயின் மனைவி லிதியா வீட்டிலிருந்து இறங்கினாள். அழுது வீங்கிய முகம்.

"அம்மா, கிட்டப் போகாதே!" சேமு கத்தியை ஓங்கினான். "எவனா இருந்தாலும் இங்கேயே வெட்டறேன்!"

"வெட்டினா உங்கப்பா எழுந்து வருவாரா? தள்ளுடா."

அவள் குனிந்தாள். பாயின் ஓரத்தைப் பிடித்தாள். தூக்கினாள்.

உபதேசியார் எசெகியேலு!

சேமுவின் கை அப்படியே தொங்கிப் போயிற்று.

"ஐயா... நீங்களா?" லிதியா தூக்கிய பாயைப் பிடித்தபடியே நின்றாள். "நீங்களா எங்க வீட்டுக்காரரை..."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதும்மா. இந்த ஊருக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு..."

"குடும்பத்துல எவன் பண்ணினாலும் தலைவன்தானே பாய் போர்த்தணும்?"

தலிதா பாய்ந்து வந்தாள். "ஐயா, யாரு அது? பேரைச் சொல்லுங்க."

கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்தில் யாரையோ தேடினார். கண்டுபிடித்துவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார்.

"சட்டப்படி நான் சொல்லணும்னு இல்லையாம். எங்க வீட்டு வக்கீல் நேத்துதான் சொன்னார்."

அத்தனை தலைகளும் திரும்பின.

நேமியா நின்ற இடத்தில் மட்டும் கூட்டம் விலகிப் போயிருந்தது.

"வக்கீல் சார்..." தலிதா மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பன்னி... யார் வீட்டுப் பன்னி?"

நேமியா அப்பாவைப் பார்த்தார்.

கிழவர்தான் சொன்னார். "நானும் அதைத்தான் யோசிச்சேன். இந்த ஊர்ல ஒரு பன்னி செத்தா, அதோட சொந்தக்காரன் பொண்டாட்டி புள்ளையோட வந்து வாசல்ல நின்னு மானத்தை வாங்கிடுவான். இவன் இடிச்ச பன்னியைக் கேட்டு ஒருத்தனும் வரல. ஒவ்வொரு நாளும் வாசலையே பார்த்துட்டு இருந்தேன். யாராவது வந்து திட்ட மாட்டாங்களான்னு ஏங்கினேன். வரல."

நேமியாவின் கால்கள் நகர்ந்தன. சட்டப் பட்டமும் டீக்கன் பட்டமும் வாங்கிய மனிதர், கோர்ட்டுக்கு உடுத்தியிருந்த வெள்ளைச் சட்டையோடு அப்பாவின் பக்கத்தில் மண்ணில் மண்டியிட்டார். பாய் இல்லை. மறைக்க ஒன்றும் இல்லை.

"கூட்டத்துக்கு லேட்டாயிடுச்சு" என்றார். "சங்கு ஊதியாச்சு. அவர் கை காட்டினார். ஒதுங்கிப் போயிடலாம்னு... நிறுத்தாம போயிட்டேன். நேராப் போய் மேடையில ஏறி, விசுவாசமும் சட்டமும்னு பேசினேன்." முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். "எனக்கு வெட்கமா இருக்கு. லாஃபியை விடுதலை பண்ணிட்டா கர்த்தருக்கும் கணக்குத் தீர்ந்துடும், கோர்ட்டுக்கும் தீர்ந்துடும்னு எனக்கு நானே வாதாடிட்டு இருந்தேன்."

"எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டியே" என்றாள் லிதியா. "அவர் பெட்டி மேல கை வெச்சு ஜெபம் பண்ணினியே. என்னன்னு பண்ணினே?"

நேமியா மண்ணைப் பார்த்தார். அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட அவருக்கு நினைவில்லை. பேசிய குரல் மட்டும் நினைவிருந்தது. கணீரென்று, தடுமாறாமல் இருந்த குரல். அதை நினைக்க நினைக்கக் கூசியது.

லிதியா பாயை மடித்து மகனிடம் கொடுத்தாள். கிழவரின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"ஐயா, நீங்க மேல வாங்க. கோகோ குடிங்க. உங்க மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல." பிறகு நேமியா பக்கம் திரும்பினாள். "உனக்கும் ஒரு நாள் பாயை எடுக்கறேன். இன்னிக்கு இல்ல. மொதல்ல கோர்ட்டுக்குப் போ. அங்க இன்னொருத்தன் உனக்காகக் காத்துட்டு இருக்கான்."

தலிதா விலங்கை எடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே மாட்டினாள்.

*

ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார். லாஃபி விடுதலை.

கோர்ட் வராந்தாவில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். லாஃபி வெளியே போகிறான். நேமியா விலங்கோடு உள்ளே போகிறார்.

"லாஃபி..." என்றார் நேமியா. தலை தானாகக் குனிந்தது.

லாஃபி அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிப்பானோ என்று தலிதா ஓர் அடி முன்னால் வைத்தாள்.

அவன் அடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான்.

"வெளிய கொண்டு வருவேன்னு ஆணையிட்டாரு மேடம், கொண்டு வந்துட்டாரு" என்றான் தலிதாவிடம். "எனக்குப் பதிலா இன்னொருத்தர் உள்ள போவார்னு ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கேட்டிருக்கேன். அது என் வக்கீலா இருப்பார்னு எந்த உபதேசியாரும் சொல்லலையே!"